வீட்டுக்குப் பின்னால் ஒரு காடு

சென்ற இதழில் முருங்கைக்கீரை அடை பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? "அடை சொன்னீர்கள், அது செரிக்க ஒரு வழி சொல்லவில்லையே!" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேலிதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அந்த வழியைத் தேடித்தான் நான் கடந்த எட்டு மாதமாக ஒரு காட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இந்தப் பக்கத்தில் அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி சிங்கப்பூருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. வீடு புக்கிட் பாத்தோக்கில், ஒன்பதாவது மாடி. புக்கிட் என்றால் மலாய் மொழியில் குன்று. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் அந்தக் குன்றின் பச்சை தெரியும். அது புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா. இருபது வருஷமும் தோசை வார்த்துக்கொண்டே அதைப் பார்த்தேனே தவிர, உள்ளே போனதில்லை. காலையில் அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரர்களும் சீனப் பெரியவர்களும் போவார்கள். அது அவர்கள் சமாசாரம் என்று இருந்துவிட்டேன்.

போக வைத்தது பலதுறை மருந்தகம். (நம் ஊர் அரசு சுகாதார நிலையம் மாதிரி, கொஞ்சம் பெரியது.) முழங்கால் வலிக்கிறது என்று போனேன். ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.5 என்று வந்தது. இந்த ஊர்க் கணக்கு அது. பதினெட்டால் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கில் 117. 126-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் வாசற்படியில் நிற்கிறேன் என்று அர்த்தம்.

டாக்டரம்மா கேட்டார், "பிள்ளை வயிற்றில் இருந்தபோது சர்க்கரை இருந்ததா?"

இருந்தது. இரண்டாவது பெண்ணுக்கு. பிரசவம் ஆனதும் இறங்கிவிட்டது. "ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதனைக்கு வாங்க" என்று அப்போது சொல்லித்தான் அனுப்பினார்கள். கையில் பச்சைக் குழந்தை, இடுப்பில் பெரியவள், யார் போவது? போகவில்லை. பதின்மூன்று வருஷம் போகவில்லை.

இளம் தாய்மார்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு பரிசோதனை. அது சரியாக இருந்தாலும் ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆயுசு பூராவும். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை வைத்திருப்பீர்களே, அதிலேயே ஓரத்தில் உங்கள் தேதியையும் குறித்துவையுங்கள்.

"மாத்திரை வேண்டாம், முதலில் நடங்க. வாரத்துக்கு 150 நிமிஷம். எடையிலும் கொஞ்சம் குறையணும்" என்றார் டாக்டரம்மா. நம் சென்னையிலேயே டாக்டர் அ.ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. என்னைப்போல வாசற்படியில் நின்றவர்களை நடக்கவைத்து, சாப்பாட்டையும் திருத்தினார்கள். ஏறக்குறைய இரண்டரை வருஷத்தில், ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் நோய்க்குப் போகிறவர்கள் கால் பங்குக்குமேல் குறைந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். அப்படியென்றால் காலுக்கு மாத்திரையின் பலம் இருக்கிறது!

முதலில் புளோக்கின் கீழேயே சுற்றி நடந்தேன். நாலாம் நாள் அலுத்துவிட்டது. எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் நிறுத்தி, "என்ன விசேஷம்?" என்று கேட்டால் எங்கே நடப்பது? பக்கத்து வீட்டு மலாய் அக்காதான் "காட்டுக்கு வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். என் கணவர் சிரித்தார். "நீயா? பல்லியைக் கண்டா நாற்காலி மேல ஏறுவியே!"

காடு என்றதும் பயந்துவிடாதீர்கள். இங்கே முன்பு கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். குவாரியை மூடிய பிறகு மரங்கள் தாமாக முளைத்து மண்டின; 1988-ல் பூங்காவாக்கினார்கள். 36 ஹெக்டேர், நம் கணக்கில் தொண்ணூறு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமாகியிருக்கிறது. ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறைச் சுவர். பாதைகள் வளைந்து வளைந்து ஏறுகின்றன. சில இடத்தில் சிமெண்ட், சில இடத்தில் வெறும் மண், மேட்டில் படிகள். உச்சிப் பக்கம் நின்று பார்த்தால் பத்து மாடி உயரம் இருக்கும். கைவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு மேலே போக முடியாது. மார்போடு கட்டிக்கொண்டு போகும் தாய்மார்களைப் பார்க்கிறேன்.

இந்த ஊரில் சூரியனே ஏழு மணிக்குத்தான் எழுந்திருக்கும். பள்ளிக்கூடப் பஸ் போனதும் நாங்கள் இறங்குவோம். உள்ளே நுழைந்து ஐந்து நிமிஷம் நடந்தால் ரோட்டுச் சத்தம் அடங்கிவிடும். மேலே எங்கோ ஒரு பறவை, கணீரென்று, குடத்துத் தண்ணீரைச் சாய்த்தாற்போல் பாடும். நம் ஊர்க் கொண்டைக்குருவியின் ஜாதிதான், ஆனால் பெரியது. தலை வைக்கோல் நிறம். கூண்டில் வளர்க்கப் பிடித்துப் பிடித்தே மற்ற நாடுகளில் இதை ஏறக்குறைய ஒழித்துவிட்டார்களாம். உலகத்தில் மிஞ்சியிருப்பதில் நல்ல பங்கு இந்தச் சின்ன ஊரில் இருக்கிறது. நான் தோசை வார்க்கிற ஜன்னலுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது!

மூன்றாம் நாளே ஒரு கூத்து. ஆசைஆசையாக நாலு இட்லியும் வாழைப்பழமும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோனேன். வேலியில் உட்கார்ந்திருந்த குரங்கு இறங்கி வந்து, வீட்டு மாப்பிள்ளை மாதிரி, பையை வாங்கிக்கொண்டு போய்விட்டது. பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று அவற்றுக்குப் பழகியிருக்கிறது. தோளில் மாட்டும் பையில் மூடி எடுத்துப் போங்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள், ஓடாதீர்கள். கையால் எதுவும் கொடுக்காதீர்கள். 2020 முதல் இங்கே எந்தக் காட்டு விலங்குக்கும் உணவு கொடுப்பது குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். (இட்லியை நான் கொடுக்கவில்லை, அதுவே எடுத்துக்கொண்டது!)

சிரிக்க முடியாதது ஒன்றும் நடந்தது. முதல் மாதம் முழுக்க நான் ரப்பர் செருப்போடுதான் போனேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்துக்கு ஷூ எதற்கு? ஒரு நாள் ராத்திரி மழை. காலையில் இறங்கும்போது ஈர இலையில் கால் வழுக்கி, கல் கிழித்துவிட்டது. கட்டைவிரலுக்கடியில் ரத்தம். மலாய் அக்கா துடைத்துக் கட்டினார். சின்னக் காயம்தான். ஆனால் நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

என் அம்மாவுக்கும் அந்த விரல்தான். கும்பகோணத்தில் கொல்லைப்புறம் துணி உலர்த்தப் போனவள் எதையோ மிதித்தாள். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தது, வலிக்கவில்லை. மூன்று நாள் கழித்துக் கோலம் போட உட்கார்ந்தபோதுதான் பார்த்தாள். விரலை எடுத்தார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள்.

அன்று எனக்குக் காயம் வலித்தது. வலிக்கிறதே, நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீடு வந்தேன். ஆறும்வரை தினமும் இரண்டு வேளை விரித்து விரித்துப் பார்த்தேன். அந்த வாரமே பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ, பருத்திக் காலுறை. வந்ததும் விரல் இடுக்கு வரை பார்க்கிறேன், அடிப்பாதத்துக்குக் கைக்கண்ணாடி. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வெறும் வயிற்றோடு ஏறக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கித் தலை சுற்றும்; பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கமோ அடங்காத மூச்சிரைப்போ வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், அதற்கு வைராக்கியம் வேண்டாம்.

முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. குதித்து இறங்காமல், முட்டியைச் சற்று மடித்து, சின்ன அடியாக வையுங்கள். கொசு எண்ணெய் தடவாமல் போகாதீர்கள். டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும். இடி கேட்டால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

பூங்காவை ஒட்டி ஒரு நீளப் படிக்கட்டு இருக்கிறது. 1942-ல் இந்த ஊரைப் பிடித்த ஜப்பானியர்கள், மடிந்த தங்கள் வீரர்களுக்கு மேலே நினைவுச்சின்னம் எழுப்ப, பிடிபட்ட நேசநாட்டுக் கைதிகளைக் கொண்டு கட்டவைத்தார்கள். அந்தக் கைதிகளும் தங்கள் தோழர்களுக்காகப் பின்னால் ஒரு சிலுவை வைத்தார்களாம். இரண்டும் இப்போது இல்லை. மேலே ஒலிபரப்புக் கோபுரமும் வேலியும், கீழே ஒரு கல்வெட்டும், நடுவில் படிகளும்தான். பட்டினியோடு யாரோ கட்டிய படியில் நான் உடம்பு இளைக்க ஏறுகிறேன் என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும்.

போன மாதம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். 5.9. நம் கணக்கில் 106. எடையில் நாலு கிலோ குறைந்திருக்கிறது. இன்னும் இறங்க வேண்டும். ஆனால் வாசற்படியிலிருந்து ஓர் அடி பின்னால் வந்திருக்கிறேன்.

சேதியைச் சொன்னதும் சின்னவள், "அப்போ நான் வயித்துல இருந்ததாலதான் உனக்குச் சக்கரை வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். பதின்மூன்று வயது, சாதாரணமாகப் போனை விட்டு நிமிராதவள். "இல்லடி கண்ணு, எங்கம்மா வழியா எனக்குள்ள இருந்தது. நீ வந்துதான் எனக்குக் காட்டிக் கொடுத்தே" என்றேன். அப்படிப் பிறந்த பிள்ளைகளும் எடை கூடாமல் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை கூட வர்றியா?" என்று மட்டும் கேட்டேன்.

வந்தாள். முதல் அரைமணி முணுமுணுப்புதான். குளத்தங்கரையில் அந்தப் பறவை பாடியதும் போனை எடுத்துப் பதிவு செய்தாள். பிறகு படிக்கட்டு. எண்ணிக்கொண்டே எனக்கு முன்னால் ஓடினாள். நான் மூச்சிரைக்க மேலே போனபோது, "நூத்தி இருபத்தொண்ணு!" என்றாள். என் கணக்கில் நூற்றுப் பதினெட்டுதான் வந்தது. "நீ நடுவுல நின்னப்போ விட்டுட்டேம்மா" என்கிறாள். இவளுக்கு எப்போது என்னைவிடக் கணக்கு நன்றாக வந்தது? அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்து எண்ணுவதாக ஏற்பாடு.