மிருகத்தைப் பார்த்த கண்ணுக்கு ஆட்டுக்குட்டி தெரியவில்லை

விவிலியத்தின் கடைசிப் புத்தகத்துக்குத் தமிழில் அருமையான பெயர்: வெளிப்படுத்தின விசேஷம். மூலத்தில் 'அபோகாலிப்ஸிஸ்'. திரையை விலக்குதல் என்று பொருள். அழிவு என்ற அர்த்தமே அந்தச் சொல்லில் கிடையாது. நம் ஊரில் "வீட்ல விசேஷமா?" என்று கேட்டால் நல்லது நடக்கிறதா என்று கேட்கிறார்கள். இப்படிப் பெயர் வைத்த புத்தகத்தைக் காட்டித்தான் சின்னப் பிள்ளைகளை ராத்திரி தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

யூடியூபைத் திறந்து பாருங்கள். முதலில் பார்கோடுதான் மிருகத்தின் முத்திரை. அப்புறம் ஆதார். அப்புறம் கொரோனா தடுப்பூசி. வெர்ஷன் மாறுகிறது, பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த 666-ஐயே எடுத்துக்கொள்வோம். எபிரேயத்தில் எழுத்துகள்தான் எண்களும். 'நேரோன் கேசர்' என்று எழுதிக் கூட்டினால் 50+200+6+50, கூடவே 100+60+200. மொத்தம் 666. சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது. லத்தீன் வழக்கப்படி கடைசி 'ன்' இல்லாமல் 'நேரோ' என்று எழுதினால் 50 குறைகிறது, அதே 616. அறிஞர்கள் பலர் நீரோ மன்னனைச் சொல்வது இதனால்தான். என் தொழில் பாஷையில் இது ஒரு ஹாஷ். பெயரிலிருந்து எண்ணுக்குப் போகலாம். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பெயருக்குத் திரும்ப முடியாது. எத்தனையோ பெயர்களுக்கு அதே கூட்டுத்தொகை வரும். அதனால்தான் பிடிக்காத எந்தத் தலைவரையும் அதில் பொருத்திவிட முடிகிறது.

யோவான் இதை எழுதியது பத்மு தீவிலிருந்து, முதல் நூற்றாண்டில். எபேசு, சிமிர்னா, பெர்கமு முதலான ஏழு சபைகளுக்கு. எல்லாம் இன்றைய துருக்கியில் இருந்த ஊர்கள். பேரரசனைக் கடவுளாக வணங்கச் சொன்ன ஊர்கள். அங்கிருந்த சின்னஞ்சிறு சபைகளுக்குப் புதிதாகப் பயத்தைக் கற்றுத்தர வேண்டிய அவசியமே இல்லை. ரோமாபுரி அதைத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது தைரியம்.

"அப்போ அந்த ரத்தம், கல்மழை, வெட்டுக்கிளி எல்லாம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இவை எங்கிருந்து வந்தவை? யாத்திராகமத்தில் எகிப்தின் மேல் விழுந்த வாதைகள் இவை. அடிமைகளின் பிள்ளைகளுக்கு அந்தக் கதை விடுதலையின் கதை. வெட்டுக்கிளியைக் கேட்டு நடுங்க வேண்டியவன் பார்வோன்.

பயமுறுத்துகிறவர்கள் 18ஆம் அதிகாரத்தில் நிற்பதே இல்லை. அங்கே பாபிலோன் விழும்போது வியாபாரிகள் அழுகிறார்கள். விற்காமல் போன சரக்குகளின் பட்டியல் வருகிறது: பொன், முத்து, பட்டு, திராட்சரசம், கோதுமை, கடைசியில் மனித உயிர்கள். மனிதனைச் சரக்காக்கிய ஒரு பொருளாதாரத்தின் மீதான குற்றப்பத்திரிகை அது. இதைப் பிரசங்கித்தால் காணிக்கைக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டிவரும். சிப் பற்றிப் பேசுவது சுலபம்.

இன்னொரு சமாதானமும் வைத்திருக்கிறார்கள்: பயந்தாலாவது மனம் திரும்புவார்களே! வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வில்லியம் மில்லரை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்தார்கள். அமெரிக்காவில் அந்த நாளுக்கு 'பெரும் ஏமாற்றம்' என்றே பெயர். ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். அதுவும் வந்து போனது. தேதியைப் பிடித்துத் தொங்குகிற பக்தி அந்தத் தேதியோடு காலாவதியாகும். அந்த நாள் தனக்கே தெரியாது என்று இயேசு சொன்னதாக மாற்கு எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரியாதது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

இத்தனைக்கும் 'அந்திக்கிறிஸ்து' என்ற சொல் இந்தப் புத்தகத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. அது வருவது யோவானின் நிருபங்களில். இங்கே திரும்பத் திரும்ப வருவது ஆட்டுக்குட்டி. 5ஆம் அதிகாரத்தில் சிங்கம் வருகிறது என்று அறிவிப்பு. யோவான் பார்த்தால் நிற்பது அடிக்கப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி. ஜெயம் எப்படிப்பட்டது என்பதை அந்த ஒரு காட்சியே சொல்லிவிடுகிறது. விசுவாசம் என்று நான் சொல்வது இதைத்தான்: பேரரசு பெரிதாகத் தெரிகிற நாளிலும் ஆட்டுக்குட்டியின் பக்கம் நிற்பது.

முடிவிலும் யாரும் பூமியை விட்டுப் பறந்து போகவில்லை. நகரம்தான் மேலிருந்து இறங்கி வருகிறது. அதன் வாசல்கள் அடைக்கப்படுவதில்லை. அங்குள்ள மரத்தின் இலைகள் எல்லா இனத்தாருக்கும் மருந்து.

மொத்தமே 22 அதிகாரங்கள். சபையில் சத்தமாக வாசித்துக் கேட்பதற்காக எழுதப்பட்டவை. அடுத்த முறை யாராவது 13ஆம் அதிகாரத்தை மட்டும் பிரித்துப் பயமுறுத்தினால், கடைசி இரண்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும்.