ஊருக்கெல்லாம் அச்சடித்த தீவு

கல்யாணமாகிக் கணவனோடு வெளியூர் புறப்படும் பெண் என்னென்ன சாமான் கொண்டு போவாள்? நாலு புடவை, கொஞ்சம் பாத்திரம், அம்மா போட்டுக் கொடுத்த ஊறுகாய் ஜாடி. ஆனால் அமெரிக்காவில் ரேச்சல் டிக்ஸ் என்ற பெண் புக்ககம் போன கப்பலில் ஓர் அச்சு இயந்திரமே ஏறிற்று! கணவர் பெயர் டேனியல் டெம்பிள், பாதிரியார். 1822-ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் தம்பதிகள் பாஸ்டன் துறைமுகத்தை விட்டார்கள். பிப்ரவரி மாதக் கடைசியில் மால்டா தீவில் இறங்கினார்கள்.

மால்டா எங்கே இருக்கிறது என்கிறீர்களா? மத்தியதரைக் கடலின் நடுவில், சிசிலிக்குத் தெற்கே, மிளகு சிந்தியது போல இருக்கும் சின்னத் தீவுக் கூட்டம் அது. பெரிய தீவின் பரப்பே சுமார் 246 சதுர கிலோமீட்டர்தான். அப்போது அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது.

டெம்பிள் தம்பதிகளை அனுப்பிய அமெரிக்கச் சங்கத்தாரின் கண் உண்மையில் ஜெருசலேம், சிரியா பக்கம்தான் இருந்தது. ஆனால் அவை துருக்கி சுல்தானின் சீமை. 1821-இல் கிரேக்கர்கள் சுல்தானை எதிர்த்துக் கிளம்பியதால் அந்தப் பக்கமெல்லாம் ஒரே கலவரம். பாதுகாப்பாக ஓர் இடத்தில் உட்கார்ந்து புஸ்தகம் அச்சடித்து, கப்பலில் நாலா பக்கமும் அனுப்பலாம் என்று யோசித்து மால்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதே சங்கத்தார் நம் தமிழர் வாழும் யாழ்ப்பாணத்திலும் 1816 முதல் பள்ளிக்கூடங்கள் நடத்தி வந்தார்கள். அங்கே வேலை பார்க்க 1820-இல் ஓர் அச்சுக்காரரை அனுப்பினார்கள். இலங்கைத் துரைத்தனத்தார் “இங்கே இருக்கக் கூடாது, நடையைக் கட்டு” என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அவர் பம்பாய்க்குப் போய் அங்கே அச்சுக்கூடத்தில் அமர்ந்தார். மால்டாவிலும் ஆங்கிலேயத் துரைத்தனமே. அங்கே மட்டும் அனுமதி கிடைத்தது. கிடைத்தாலும், கூடவே ஒரு நிபந்தனை!

“எதை வேண்டுமானாலும் அச்சடியுங்கள், ஆனால் ஒரு பிரதிகூட இந்தத் தீவில் வழங்கக் கூடாது” என்பதே அதன் சாரம். தீவு ஜனங்கள் கத்தோலிக்கர்கள். அவர்கள் மனம் கோணக் கூடாது என்பது அதிகாரிகளின் கவலை. பாருங்கள் வேடிக்கையை! அடுப்பில் கொதிப்பது ஊருக்கெல்லாம் விருந்து. அடுத்த வீட்டுக்கு மட்டும் ஒரு கரண்டி கிடையாது. இத்தாலிய மொழியில் அச்சடித்தார்கள், கிரேக்கத்தில் அச்சடித்தார்கள். துருக்கி மொழியையே பேசிக்கொண்டு அதை ஆர்மீனிய எழுத்தில் படித்த ஜனங்களுக்காக ஒரு புதிய ஏற்பாடு முழுவதையும் 1831-இல் அச்சிட்டு முடித்தார்கள். தெருவில் மீன் விற்றவள் பேசிய மால்டா மொழிக்கோ அந்தத் தீவில் இடமில்லை. அந்த மொழிக்கு அரசாங்க அந்தஸ்து கிடைக்க 1934-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சரி, ரேச்சல் என்ன ஆனாள்? சரித்திரம் எழுதியவர்கள் பக்கங்களை எண்ணியிருக்கிறார்கள்: பதினொரு வருஷத்தில் இரண்டு கோடிக்கு மேல்! எந்த மொழியில் எத்தனை புஸ்தகம் என்றெல்லாம் கணக்கு உண்டு. அந்த வீட்டில் எத்தனை நாள் உலை வைத்தாள், எத்தனை இரவு குழந்தையின் ஜுரத்துக்குக் கண் விழித்தாள் என்பதற்கு யார் கணக்கு வைத்தார்கள்? 1826-இல்தான் ஹோமன் ஹாலக் என்ற கைதேர்ந்த அச்சுக்காரர் மால்டா வந்து சேர்ந்தார். வேலை சூடு பிடிக்கும் சமயம். 1827 ஜனவரியில் ரேச்சல் கண்ணை மூடினாள். அவள் பெற்ற குழந்தைகளில் இரண்டும் அந்தத் தீவிலேயே போய்விட்டன. தீவுக்கு வந்து ஐந்து வருஷம்கூட நிறையவில்லை.

டெம்பிள் 1828-இல் தாய்நாடு போனார்; மறுமணம் செய்துகொண்டு மீண்டும் மால்டாவுக்கே வந்தார். 1833 கடைசியில் அச்சுக்கூடத்தைக் கட்டிக்கொண்டு ஸ்மிர்னா நகருக்குப் புறப்பட்டார். அரபி அச்சு வேலை மட்டும் 1834-இல் பெய்ரூட்டுக்குப் போயிற்று.

இத்தனை பாடுபட்டு என்ன கண்டார்கள் என்று கேட்கத் தோன்றும். மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. வந்த காரியத்தை வைத்துப் பார்த்தால் பலன் சொற்பம்தான். ஆனால் விதைத்தது ஒன்று, முளைத்தது வேறொன்று. பெய்ரூட்டுக்குப் போன அந்த அச்சுக்கூடம் அரபிப் புஸ்தக உலகில் பெரும் பெயர் எடுத்தது. ஹாலக் வெட்டிக் கொடுத்த அழகிய அரபி எழுத்துக்கள் அங்கே வழக்கத்துக்கு வந்தன.

இன்னொரு விஷயமும் கேளுங்கள். லெபனானிலிருந்து 1826-இல் அடைக்கலம் தேடி மால்டாவுக்கு ஓடி வந்தான் ஓர் இளைஞன். பெயர் ஃபாரிஸ் அல்-ஷித்யாக். பாதிரிமார்களிடம் வேலை பார்த்தான். பிற்காலத்தில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். 1861-இல் கான்ஸ்டான்டிநோபிளில் புகழ்பெற்ற அரபிப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். 1855-இல் அவர் பாரிஸில் வெளியிட்ட நூலில் பாதிரிமார்களைப் பிடி பிடி என்று பிடித்திருக்கிறார்! அதே நூலில் கதாநாயகனின் மனைவி கணவனுக்குச் சமமாக உட்கார்ந்து வாதாடுகிறாள். பெண்களின் உரிமைக்காக அந்த நாளிலேயே அப்படி எழுதிய அரபி எழுத்தாளர்கள் அபூர்வம்.

இதையெல்லாம் ரேச்சல் கனவிலும் கண்டிருக்க மாட்டாள். அவள் கொண்டு வந்த சாமான்களில் நிலைத்து நின்றது அந்த எழுத்துத்தான். இனி எங்காவது “இத்தனை கோடி பக்கம் அச்சிட்டார்கள்” என்று படித்தால், வாசக சகோதரிகளே, எண்ணாமல் விட்ட கணக்கு ஒன்றும் அதன் பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதைக்கூட, வீட்டுச் சந்தடி அடங்கிய பிறகு, கிடைத்த கால் மணியில்தானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?