கட்டளையிடும் ஜெபங்கள்



‘உமக்குச் சித்தமானால்’ என்று ஜெபிப்பது அவிசுவாசம் என உங்களில் பலருக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. வியாதியஸ்தரின் படுக்கையருகே நின்று அப்படி ஜெபிக்கிறவர் விசுவாசத்தில் இன்னும் வளராதவர் என்று கருதப்படுகிறார். ‘கட்டளையிடுகிறேன்’, ‘உரிமை பாராட்டுகிறேன்’ என்று முழங்குகிறவரே ஜெபவீரர் என்று பெயர் பெறுகிறார். இந்தப் போதனை தவறானது. சிலருக்கு மனவருத்தம் உண்டாகும் என்று அறிந்தே இதை எழுதுகிறேன்.

இதற்கு ஆதாரமாக ஏசாயா 45:11-ஐக் காட்டுகிறார்கள். தமக்குக் கட்டளையிடும்படி கர்த்தரே சொல்லியிருக்கிறாராம். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அவ்வசனம் அப்படி ஒலிப்பது உண்மைதான். ஆனால் இரண்டு வசனம் மேலே ஏறிப் படித்தவர் எத்தனை பேர்? சிறைப்பட்ட யூதரை விடுவிக்க, தம்மை அறியாத பெர்சிய அரசனாகிய கோரேசைக் கர்த்தர் எழுப்புகிறார். அதைக் குறித்து எதிர்த்துப் பேசுகிறவனை, தன்னை வனையும் குயவனிடம் வழக்காடும் களிமண்ணுக்கு ஒப்பிட்டு, அவனுக்கு ஐயோ என்கிறார் (45:9). அந்த மூச்சிலேயே தமக்கு உத்தரவு போடும்படி களிமண்ணுக்கு அனுமதி கொடுப்பாரோ? இந்நாளைய மொழிபெயர்ப்புகள் பல இவ்வசனத்தை, ‘எனக்கா கட்டளையிடுகிறீர்கள்?’ என்னும் கடிந்துகொள்ளுதலாகவே தருகின்றன.

இப்போதனை நம் முன்னோரிடமிருந்து வந்ததன்று. அமெரிக்காவில் இ. டபிள்யூ. கென்யன் (1867–1948) விதைத்ததைக் கென்னத் ஹேகின் (1917–2003) பரப்பினார். அர்ப்பணிப்பின் ஜெபத்தில் ‘சித்தமானால்’ என்று சொல்லலாம், தேவையைக் கேட்கும் ஜெபத்தில் சொல்லக்கூடாது என்பது ஹேகின் வகுத்த பிரிவு. கெத்செமனேயை இப்படித்தான் ஓரமாய் ஒதுக்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் குஷ்டரோகியை என்ன செய்வது? அவன் அர்ப்பணிப்புக்காக வரவில்லை. தன் தோலுக்குச் சுகம் கேட்டு வந்தவன். முழங்காற்படியிட்டு, ஆண்டவருக்குச் சித்தமிருந்தால் தன்னைச் சுத்தமாக்க முடியும் என்றான் (மாற்கு 1:40). இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மனதுருகி, யாரும் தொடாத அவனைத் தொட்டார். இதனோடு மாற்கு 9-இல் வரும் தகப்பனையும் சேர்த்துப் பாருங்கள். அவன், உம்மால் கூடுமானால் என்கிற தொனியில் கேட்டான். அங்கேதான் ஆண்டவர் நிறுத்தித் திருத்தினார். ஒருவன் அவருடைய வல்லமையைச் சந்தேகித்தான். மற்றவன் வல்லமையில் ஐயமில்லாமல் விருப்பத்தை அவரிடம் விட்டான். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, இரண்டாவதற்கும் அவிசுவாசம் என்று பெயரிட்டதே இப்போதனையின் பிழை.

‘அவர்தாம் சித்தமுண்டு என்று பதில் சொல்லிவிட்டாரே, இனி ஏன் கேட்கவேண்டும்?’ என்பார்கள். அந்தப் பதில் எல்லார்க்கும் எக்காலத்துக்குமானது என்றால், பவுல் மூன்றுதரம் வேண்டியும் முள் நீங்காமற்போனது ஏன்? துரோப்பீமுவை அவர் மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தது ஏன் (2 தீமோ. 4:20)? விசுவாசம் போதவில்லை என்று பவுலிடம் சொல்லத் துணிவோர் முன்வரட்டும்.

அப்போஸ்தலர் பிசாசுகளுக்குக் கட்டளையிட்டார்கள், சப்பாணியை நடக்கச் சொன்னார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பிதாவை நோக்கி ஜெபித்த விதத்தை அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். அவரை எல்லாம் படைத்தவராகவும் தங்களை ஊழியக்காரராகவும் கண்டு, சுகமாக்க அவருடைய கரம் நீளவேண்டும் என்று கேட்கிறார்கள். நம்முடைய முழக்கங்களிலோ நான் கட்டுகிறேன், நான் அவிழ்க்கிறேன், நான் அறிக்கையிடுகிறேன் என்று எல்லாம் ‘நான்’. தேவாலயத்தில் நின்ற பரிசேயனாவது நன்றி சொல்லித் தொடங்கினான்.

மறுபக்கமும் ஒரு பிழை உண்டு. ஒன்றையும் துணிந்து கேட்காமல், கிடைக்காவிட்டால் ஒளிந்துகொள்வதற்காக ‘சித்தமானால்’ என்று முணுமுணுப்பது தாழ்மையன்று. கெத்செமனேயில் நம் ஆண்டவர் பாத்திரம் நீங்கவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார், மூன்றுதரம் கேட்டார், அதன்பின்பும் பிதாவின் சித்தத்துக்கே இடங்கொடுத்தார்.

இவ்வளவு கடுமையாய் எழுதுகிறேனே, நானும் அப்படி ஜெபித்தவன்தான். ஊழியத்தின் ஆரம்ப நாட்களில், மருத்துவமனையின் தீவிரசிகிச்சைப் பிரிவில் கிடந்த ஏழு வயதுச் சிறுவனுக்காக, நடைபாதையில் நின்று காய்ச்சலுக்குக் கட்டளையிட்டேன். ‘பிள்ளை எழுந்துவிட்டான் என்று விசுவாசியுங்கள்’ என்று தாயாரிடம் சொன்னேன். மூன்றாம் இரவில் பிள்ளை மரித்தான். அடக்கம் முடிந்து திரும்புகையில் அந்தத் தாயார், ‘ஐயா, என் விசுவாசம்தான் குறைவா?’ என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை. சுகமாக்கத் தேவன் கடமைப்பட்டவர் என்று நான் ஜெபித்திருந்தேன். அவர் தவறாதவர் என்றால், குற்றம் அந்த அம்மாவின் தலையில்தான் விழவேண்டும். என் ஜெபமே அதை அங்கே வைத்துவிட்டிருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

போன மாதம் அதே அம்மா என்னை வீட்டுக்கு அழைத்தார்கள். கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. இம்முறை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இவரைச் சுகமாக்கும் என்று கேட்டேன். பின்பு, உமக்குச் சித்தமானால் என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘ஆமென்’ என்றார்கள்.

அவர் வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். நீங்களும் அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.