புள்ளிக்கணக்கும் விமானக் கட்டணமும்

நோர்வே நாட்டின் தேசப்படத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். வடதுருவத்தை நோக்கி ஒடுங்கி நீண்டு கிடக்கும் நாடு அது. மலைகளும், அம்மலைகளைப் பிளந்துகொண்டு உட்புகுந்த கடற்கால்களும் அதனைத் துண்டு துண்டாக்கியிருக்கின்றன. தலைநகராகிய ஒஸ்லோவிலிருந்து மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகருக்குப் புகைவண்டியில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் செல்லும். விமானத்திலோ ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். வடக்கேயுள்ள துரொம்சோ நகருக்குப் புகைவண்டிப் பாதையே கிடையாது. ஆதலால் அந்நாட்டில் ஆகாய விமானம் செல்வர்களுக்கு மாத்திரம் உரிய வாகனமன்று. பேரப்பிள்ளையைப் பார்க்கப் புறப்படும் பாட்டிக்கும், விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவனுக்கும் அதுவே பஸ் வண்டி. அந்த பஸ்ஸின் கட்டணத்தை ஒரே கம்பனி தீர்மானிக்கும் நிலை வந்தால் என்ன செய்வது?

1946ஆம் ஆண்டிலே சுவீடன், நோர்வே, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் விமானக் கம்பனிகள் கூடி ஸ்கண்டிநேவியன் எயர்லைன்ஸ் சிஸ்டம் என்னும் கூட்டு ஸ்தாபனத்தை அமைத்தன. எஸ்.ஏ.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். ஏழு பங்கில் மூன்று சுவீடனுக்கு, இரண்டிரண்டு மற்றைய இருவருக்கும் என்பது ஒப்பந்தம். 1954இல் கொபன்ஹேகனிலிருந்து வடதுருவப் பிரதேசத்தின் மேலாக லொஸ் ஏஞ்சலிஸுக்குச் சேவை தொடங்கியதும் அதன் புகழ் உலகெங்கும் பரவிற்று. சிறிய நாடுகள் ஒற்றுமையினால் பெரிய காரியம் சாதித்தமைக்கு இதனை உதாரணமாகக் காட்டுவோர் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் ஒற்றுமையாய் நின்றவன் சந்தையிலே தனியனாய் நிற்கும்பொழுது கதை வேறாகின்றது.

நோர்வேயின் உள்நாட்டு வழிகள் 1994இல் எல்லாக் கம்பனிகளுக்கும் திறந்து விடப்பட்டன. சட்டம் திறந்த கதவை இடநெருக்கடி அடைத்துக்கொண்டது. ஒஸ்லோவின் பழைய விமான நிலையத்தில் புதியவர்கள் காலூன்ற இடமிருக்கவில்லை. 1998இல் கார்டர்மோன் என்னுமிடத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்ட ஆண்டில்தான் 'கலர் எயர்' என்ற மலிவுக் கட்டணக் கம்பனி களத்தில் இறங்கிற்று. கட்டணம் விழுந்தது. எஸ்.ஏ.எஸ். ஸ்தாபனமும், நெடுங்காலமாக அதற்கு ஈடாய் நின்ற பிராத்தென்ஸ் என்ற நோர்வேக் கம்பனியும் பின்வாங்கவில்லை. மேலும் மேலும் விமானங்களை ஓட்டின. மூவருக்கும் நஷ்டம். மடிகனம் குறைந்தவன் முதலில் விழுந்தான்: 1999 செப்டெம்பரில் கலர் எயர் நின்றுபோயிற்று. நலிந்துபோன பிராத்தென்ஸை 2001இல் எஸ்.ஏ.எஸ். வாங்கிக்கொண்டது. வாங்காவிடின் அது முறிந்தே போகும் என்ற காரணத்தால் போட்டி ஆணையகமும் அதற்கு இணங்க நேர்ந்தது.

இனி வருவதே என் மனத்துக்கு மிகச் சுவையான பகுதி. பெரிய கம்பனிகள் தம் வாடிக்கையாளருக்குப் புள்ளிகள் வழங்குவதுண்டு. பலமுறை பறந்தால் புள்ளிகள் சேரும். சேர்ந்தால் ஒரு பிரயாணம் இலவசம். கேட்பதற்கு இனிய உபகாரம்தான். ஆனால் கந்தோர் அலுவலாகப் பறக்கும் உத்தியோகத்தரை நினைத்துப் பாருங்கள். சீட்டுக்குப் பணம் கட்டுபவர் முதலாளி. புள்ளி சேர்வதோ உத்தியோகத்தரின் பெயரில். இரண்டு விலையில் இரண்டு சீட்டு இருந்தால் அவர் எதனைத் தேடுவார்? முதலாளியின் பணத்தை மிச்சம் பிடிக்கும் உத்தமர்களும் உலகில் உண்டு. ஆயினும் அவர்களை நம்பி ஒருவன் விமானக் கம்பனி தொடங்க முடியாது. எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் புதியவனிடம் ஆள் வராது.

நோர்வேயின் போட்டி ஆணையகம் இந்த நுட்பத்தைக் கண்டுகொண்டது. உள்நாட்டுப் பிரயாணங்களுக்குப் புள்ளி வழங்கலாகாதென்று 2002இல் எஸ்.ஏ.எஸ். ஸ்தாபனத்துக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலேயே 'நோர்வேஜியன்' கம்பனி போயிங் விமானங்களுடன் உள்நாட்டு வழிகளில் இறங்கிற்று. 1993இல் பிறந்த இக்கம்பனி அதுவரை பிராத்தென்ஸுக்காகச் சிறு விமானங்களை ஓட்டிக் கூலி பெற்று வந்தது. பிராத்தென்ஸ் கைமாறியதும் அந்த ஒப்பந்தம் பறிபோயிற்று. பிழைப்பு இழந்தவனே போட்டியாளனாக எழுந்தான்! போர் விமானியாயிருந்து பின் நியாயதுரந்தரரான பியோர்ன் ஷோஸ் என்பவர் அதனை வழிநடத்தினார்.

பெரியவர் சும்மா இருக்கவில்லை. புதியவனின் ஆசனப் பதிவு விவரங்களைக் கணினி மூலம் இரகசியமாகப் பார்த்தனர் எஸ்.ஏ.எஸ். தரப்பினர். விவகாரம் நீதிமன்றம் ஏறிற்று. 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 16 கோடி குரோணர் நஷ்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. புள்ளித் தடை பின்னர் எல்லாக் கம்பனிகளுக்கும் விரிந்து, 2013இல் நீக்கப்பட்டது.

வெற்றி கண்ட நோர்வேஜியன் அளவறிந்து நின்றதா என்றால் இல்லை. 2012இல் ஒரே தடவையில் 222 விமானங்களுக்குக் கட்டளை கொடுத்தது. கடல் கடந்து அமெரிக்காவுக்கும் பறந்தது. கடன் மலையாய்க் குவிந்தது. தொற்றுநோய்க் காலத்தில் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புத் தேடி, 2021இல் தூரப் பயணங்களை அடியோடு கைவிட்டது. எஸ்.ஏ.எஸ். நிறுவனமும் 2022இல் அமெரிக்க நீதிமன்றத்தை அவ்வாறே நாடி, 2024இல் புதிய உடைமையாளரோடு வெளியே வந்தது.

இடையிலே வேறு சிலரும் முயன்றனர். ஹங்கேரியின் விஸ் எயர் 2020இல் வந்தது. தொழிற்சங்கத்துக்கு இடமளிக்காத கம்பனியில் தாம் ஏறப்போவதில்லை என்று அப்போதைய பிரதமர் ஏர்னா சூல்பேர்க் அம்மையார் கூறிவிட்டார். சீட்டு மலிவாயிருந்தும், விமானப் பணியாளரின் சம்பளத்தில் கைவைத்து வரும் மலிவை நோர்வே மக்களிற் பலர் விரும்பவில்லை. அடுத்த ஆண்டே அக்கம்பனி உள்நாட்டுச் சேவையை நிறுத்திக்கொண்டது. 2021இல் பறக்கத் தொடங்கிய 'ஃபிளீர்' 2023 தொடக்கத்தில் வங்குரோத்தாயிற்று.

2024 ஜனவரியில் நோர்வேஜியன், சிறிய ஊர்களுக்குப் பறக்கும் விதெரோ கம்பனியை வாங்கி முடித்தது. வாங்குவதற்கு முன், போட்டி கெடும் என்று முதலில் ஐயம் எழுப்பிப் பின்னரே இணங்கியது போட்டி ஆணையகம். 22 ஆண்டுகளுக்கு முன் இதே நோர்வேஜியனுக்கு வழி திறந்து கொடுத்த அதே ஆணையகம்!