சீரும் வேண்டும், பங்கும் வேண்டும்: பெண்களுக்குச் செய்யும் மரியாதை குறித்து எங்கள் நிலைப்பாடு

பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பதையும், கூட்டத்தில் "அம்மாவுக்கு வழி விடுங்கப்பா" என்று சொல்வதையும், இரவு நேரத்தில் தெருமுனைவரை துணைக்கு வருவதையும் எங்கள் மகளிர் அமைப்பு எதிர்க்கவில்லை. சமத்துவம் கேட்கும் பெண்கள் இவற்றை மறுக்க வேண்டாமா என்று எங்களிடம் பலர் கேட்கிறார்கள். சிலர் சீண்டுவதற்காகக் கேட்கிறார்கள். கல்லூரி முடித்து எங்களோடு சேர்ந்திருக்கும் இளம்பெண்களோ மெய்யான குழப்பத்தோடு கேட்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

உரிமையோடு சேர்ந்து வரும் மரியாதையால் சமத்துவத்துக்கு எந்தக் குறையும் இல்லை. உரிமைக்கு ஈடாக வரும் மரியாதையை நாங்கள் ஏற்கவில்லை. பேருந்து இருக்கையைவிடப் பிறந்த வீட்டுச் சீரை வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

தமிழ்க் குடும்பங்களில் பெண்ணுக்குச் செய்யப்படும் மரியாதைகளில் சீரைவிடப் பெரியது எதுவும் இல்லை. தலைதீபாவளிக்குத் துணிமணி, பொங்கலுக்குப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, வளைகாப்புக்கு வளையல், பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் சீர் என்று ஆயுள் முழுக்க அது தொடர்கிறது. கடன் வாங்கியாவது தங்கைக்குச் செய்யும் அண்ணன்களை நாங்கள் அறிவோம். அந்தப் பாசத்தை நாங்கள் சந்தேகிக்கவில்லை. தாம்பூலத் தட்டில் வரும் பொருளின் மதிப்பு சில ஆயிரம் ரூபாயாக இருக்கலாம். ஆனால் "இவளுக்கு ஆள் இருக்கிறது" என்று புகுந்த வீட்டுக்கும் ஊருக்கும் அது சொல்லிவிடுகிறது. கைநீட்டும் கணவனைக்கூட அது கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

அதனால்தான் அதை இழக்கப் பெண்கள் பயப்படுகிறார்கள். அப்பா இறந்து காரியம் முடிந்த சில மாதங்களில், சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதத் தங்கைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூப்பிடுகிறார்கள். நிலத்தின் இன்றைய விலை என்ன, தன் பங்கு எத்தனை சென்ட் என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டவர்கள் பிறகு எங்களிடம் வருகிறார்கள். ஏன் போட்டீர்கள் என்று கேட்டால், "கேட்டா அண்ணன் பேசமாட்டான், அப்புறம் நான் எங்க போவேன்?" என்கிறார்கள். அண்ணன் தரப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது: "நகை போட்டோம், கல்யாணம் பண்ணி வெச்சோம், வருஷா வருஷம் சீர் செய்யறோம், இதுக்கு மேல பங்கா?" சட்டத்தில் அப்படி ஒரு கழிவு கிடையாது. கல்யாணத்துக்குச் செய்த செலவு பங்கில் கழியாது. சீர் கொடுத்ததால் மகள் வாரிசு இல்லாமல் போய்விட மாட்டாள்.

இந்தப் பங்கு எளிதில் கிடைத்ததல்ல. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தந்தை தானே சம்பாதித்த சொத்தில், உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்குச் சம பங்கு தந்தது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்பால் உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்தது. அதற்குள் செங்கல்பட்டு மாநாடு முடிந்து 60 ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்போதும் 25.3.1989-க்கு முன் மணமான மகள்கள் விடுபட்டார்கள். அந்தத் தடையை 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் நீக்கியது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மூன்று தலைமுறைப் பெண்கள் காத்திருந்து பெற்றதை ஒரு பிற்பகலில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. ஆனால் அங்கேயும் இதே பத்திரம் எழுதப்படுவதைப் பார்க்கிறோம்.

இதில் எங்களையும் விலக்கிக்கொள்ள முடியாது. பிறந்த வீட்டில் பங்கு இழந்த பெண்ணே புகுந்த வீட்டில் நாத்தனாரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறாள். எங்கள் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் இதை எழுந்து சொன்னபோது வெகுநேரம் யாரும் பேசவில்லை. அன்றே ஒரு முடிவெடுத்தோம். உறுப்பினர்களாகிய நாங்கள் எவரும் நாத்தனாரிடம் விடுதலைப் பத்திரம் கேட்கும் பக்கத்தில் நிற்க மாட்டோம். பங்கைக் கொடுத்த பிறகு பொங்கல் சீரையும் கொண்டுபோய்க் கொடுப்போம்.

இனி பேருந்துக்கு வருவோம். "சமத்துவம் கேட்கிறீர்கள், தனி இருக்கை எதற்கு?" என்பது பழகிப்போன கேள்வி. பெண்களுக்கான இருக்கை மரியாதையாக வந்ததல்ல. கூட்டத்தில் உடம்பில் கை படாமல் வேலைக்கும் பள்ளிக்கும் போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு அது. பெண்களுக்கென்று தனி ஏற்பாடு செய்ய அரசியலமைப்பின் 15(3) பிரிவு இடம் தருகிறது. 1998-இல் சென்னையில் சீண்டலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாடு சீண்டலைத் தடுக்கத் தனிச் சட்டம் போட்டது. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் நடப்பில் இருக்கும் கட்டணமில்லாப் பயணமும் அரசின் கொள்கைதான். அதை "ஓசி" என்று சொல்லிப் பெண்களைக் கூசவைப்பதைக் கண்டிக்கிறோம்.

ஒரு பெண் பயணிக்கு எழுந்து இடம் கொடுக்கும் இதே ஊரில்தான் ஜவுளிக்கடைப் பெண்கள் காலையிலிருந்து இரவுவரை கால் வீங்க நிற்கிறார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பெண் தொழிலாளர்களைத் திரட்டிய விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் போராடியதன் பலனாகக் கேரளம் 2018-இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் செய்தது. சட்டம் வந்த பிறகும் நாற்காலி கண்ணில் படாத கடைகள் இருக்கின்றன. சேலை வாங்கப் போகும்போது, "உங்களுக்கு உட்கார இடம் இருக்கா?" என்று விற்பனைப் பெண்ணிடம், முதலாளியின் காதில் விழும்படி, கேளுங்கள்.

பாதுகாப்பு என்ற பெயரில் வந்த தடைகளையும் நாங்கள் ஏற்கவில்லை. தொழிற்சாலையில் பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்தப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்தது. பெண்ணுக்குத் தேவை வெளிச்சமுள்ள சாலையும், வீடுவரை விடும் வண்டியும், கழிப்பறையும். மேடையில் "தாய்க்குலமே" என்று கைகூப்புவோரிடமும், அந்தக் கும்பிடு பங்குக்கு ஈடாகாது என்கிறோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர்தான். எங்கள் மேடைகளில் அந்த விளியை விட்டுவிட்டோம்.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. உடல்நலத்தோடு இருக்கும் பெண் ஆண் கொடுக்கும் இருக்கையை ஏற்கலாமா என்பதில் இளையவர்கள் மறுக்க வேண்டும் என்றார்கள். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு வருபவர்கள் ஏற்போம் என்றார்கள். ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாக 2024-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. இருக்கை கொடுக்கும் ஆண் வீட்டில் பாத்திரத்தையும் கழுவட்டும் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றாக நின்றோம். மற்றதை அவரவர் முடிவுக்கு விட்டிருக்கிறோம்.

பதிவுத் துறையிடம் எங்கள் கோரிக்கை ஒன்று உண்டு. விடுதலைப் பத்திரம் எழுதித்தரும் பெண்ணைக் குடும்பத்தார் இல்லாமல் தனியே உட்காரவைத்து, அவருடைய பங்கின் அளவையும் வழிகாட்டி மதிப்பையும் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்து உங்களுடையதுதானா என்பதோடு, இது உங்கள் விருப்பமா என்றும் கேட்க வேண்டும்.

கையெழுத்துக்கு அழைப்பு வந்திருக்கும் பெண்களுக்கு: அன்றே போடாதீர்கள். பத்திர நகலை வாங்கி வையுங்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் உதவி உண்டு. அதன் தொலைபேசி எண் 15100.