நூல் ஏன் அறுகிறது? ஊசி ஏன் ஒடிகிறது?

தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ பத்து நாள் இருக்கும்போதுதான் வீட்டுத் தையல் மெஷினுக்குக் கோபம் வரும். ஐந்து தையல் ஒழுங்காக விழும். ஆறாவது விழாமல் தாண்டிப் போகும். நூல் அறும். மறுபடி கோத்து மிதித்தால் மறுபடியும் அறும். கடைசியில் ‘டக்’கென்ற ஓசையுடன் ஊசியும் ஒடியும். உடனே நாம் தேடுவது திருப்புளியை.

திருப்புளியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், சகோதரிகளே! முதலில் மாற்றவேண்டியது ஊசி. அயலாருக்குச் சட்டை தைத்துக் கொடுத்து, அந்த வருவாயிலே பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாய்மார் நம்மிடையே பலர் உளர். மெஷின் ஒரு வாரம் நின்றால் அவர்களுடைய அடுப்புக்கும் அது தெரியும். ஓர் ஊசியின் விலையோடு தீர்ந்திருக்கக்கூடிய காரியம், ஷட்டிலைக் கழற்றிக் கண்ட திருகாணிகளையெல்லாம் திருகியதனால், திருத்துபவரின் கூலியில் போய் முடிவது எத்தனை வீடுகளில் நடக்கிறது!

ஊசி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அறிய, தையல் எவ்வாறு விழுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மனைப்பொருளியல் பயிலும் மாணவிகள் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி இதனைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஊசி அடிமட்டம்வரை இறங்குகிறது. பின்னர் ஏறத் தொடங்குகிறது. ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் எழும்பியதும், துணி பிடித்துக்கொள்வதனால் மேல்நூல் ஊசியோடு கூட ஏறமாட்டாமல் ஒரு சிறு வளையமாகப் பிதுங்குகிறது. அந்தக் கணத்திலே ஷட்டிலின் கொக்கிமுனை வந்து வளையத்தைப் பற்றிப் பொபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. வளையம் சிறுத்துவிட்டாலும், கொக்கிக்கு ஒரு மயிரிழை எட்டாமற் போனாலும் அந்தத் தையல் தவறியதே.

இனி ஓர் ஊசியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கத்தில் மேலிருந்து கண்வரை ஒரு நீண்ட பள்ளம் ஓடுகிறது. ஊசி இறங்கும்போது நூல் அதற்குள் அடங்கித் துணியில் உரசாமற் செல்லும். மறுபக்கத்தில் கண்ணுக்குச் சற்று மேலே ஒரு சிறு குழிவு. கொக்கிமுனை ஊசியில் முட்டாமல் அருகே வருவதற்கென்றே அமைந்தது அது. வீட்டு மெஷின் ஊசியின் தலைப்பகுதியில் உள்ள தட்டையான பக்கமும் இந்தக் குழிவுள்ள பக்கமும் ஒன்றே. ஆகவே விதி எளிது: நூல் எந்தப் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் நீண்ட பள்ளம், அதற்கு எதிர்ப்பக்கம், அதாவது கொக்கி இருக்கும் பக்கம், தட்டை.

இவ்விடத்திலேதான் நம் வீடுகளில் பெரும் குழப்பம் நேர்கிறது. சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. பாட்டியின் கறுப்பு மெஷின் இன்றும் ஓடும் வீடுகள் உண்டு. ஆனால் அந்தப் பழைய சிங்கர்களிலேயே 15ஆம் வகையில் தட்டைப் பக்கம் இடப்புறம், 66ஆம் வகையில் வலப்புறம்! இக்காலத்து மின்சார மெஷின்களிற் பெரும்பாலானவற்றில் அது பின்புறம். தாயாரின் மெஷினிற் பழகிய பெண் மாமியார் வீட்டு மெஷினில் அதே கைப்பழக்கத்தோடு ஊசியைப் பூட்டினால் ஒரு தையலும் விழாது. பாவம், பழி மெஷின் மேலே போகிறது.

பக்கம் சரியாக இருந்தாலும், ஊசியை மேலே முட்டும்வரை தள்ளி, அதன் பின்னரே திருகாணியை இறுக்குக. சிறிதளவு கீழே நின்றுவிட்டால் வளையம் தன் இடத்தில் உண்டாவதில்லை. கொக்கி ஊசியையே இடிக்கவும் கூடும்.

ஒடியாத ஊசி நல்ல ஊசி என்று எண்ணிவிடலாகாது. ஒரு கண்ணாடியின் மேல் தட்டைப் பக்கம் கீழாக இருக்கும்படி ஊசியை வைத்துக் கண்மட்டத்தில் நோக்குங்கள். கண்ணாடிக்கும் ஊசிக்கும் இடையே தெரியும் வெளிச்சக் கீற்று முனைவரை ஒரே சீராக இருத்தல் வேண்டும். விரிந்தோ குறுகியோ போனால் ஊசி வளைந்துவிட்டது. முனையைப் பழைய நைலோன் சேலைத் துண்டொன்றின் மேல் மெல்ல இழுத்தால், மழுங்கியோ மடங்கியோ போன முனை இழையைப் பிடித்து இழுக்கும். தைக்கும்போது துணியைக் குத்துகின்ற ‘பொத், பொத்’ என்ற ஓசை கேட்பதும் மழுங்கலின் அடையாளமே. ஏறக்குறைய எட்டு மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றுவது நல்ல வழக்கம். எட்டு மாதமாக ஒரே ஊசியில் தைப்பது சிக்கனமன்று.

நூல் அறுவதற்கு வேறொரு காரணம் நூலுக்கும் ஊசிக்கும் பொருத்தமின்மை. இதற்கு அழகான சோதனை ஒன்றுண்டு. கழற்றிய ஊசியில் ஒரு முழ நூலைக் கோத்து, நூலின் இரு நுனிகளையும் பிடித்துச் சரிவாக நிறுத்துங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் பொருத்தம் சரி. தயங்கி நின்றால் கண் சிறிது, அல்லது கண்ணுக்குள் கீறல் உண்டு. பொதியில் 14 என்றும் 90 என்றும் அச்சிட்டிருப்பது ஒரே அளவுதான். 90 என்பது ஊசியின் பருமன் 0.90 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். மெல்லிய ரவிக்கைத் துணிக்கு 11, பாடசாலைச் சீருடைக்கு 14, டெனிம் காற்சட்டைக்கு 16 அல்லது 18. ரீ-சேர்ட் போன்ற இழுபடும் பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசியே ஏற்றது. அது இழையைத் துளையாமல் விலக்கிக்கொண்டு இறங்கும். துணியின் அடியில் நூல் குருவிக்கூடாகச் சிக்கினால் மட்டும் ஊசியைக் குறை கூறாதீர். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை மீண்டும் கோத்துப் பாருங்கள்.

துணியைப் பின்னால் இழுத்துத் தைப்பவர்களிடம் ஊசி நிலைப்பதில்லை. துணியைத் தள்ளுவது பற்களின் வேலை. கை இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் இடிக்கும். இடித்த இடத்தில் ஏற்படும் முரடு அடுத்து வரும் நூலையெல்லாம் அறுக்கும். அமெரிக்காவிலே பஞ்சு வைத்த போர்வைகள் தைப்பதற்கு ‘லோங்-ஆர்ம்’ என்னும் நீண்ட கை மெஷின்கள் உண்டு. அங்கே துணி சட்டத்தில் அசையாமல் நிற்க, மெஷின் அதன்மேல் நாற்புறமும் ஓடும். ஊசி எப்பக்கமும் வளைய நேர்வதால் அவர்கள் 16, 18 போன்ற பருத்த ஊசிகளையே விரும்புவர். அவற்றின் தலை முழு உருளை. தட்டைப் பக்கமே கிடையாது. கண்ணருகே சிறு காந்தத்தை ஒட்டவைத்து, அது நேரே நிற்கிறதா என்று பார்த்துப் பூட்டுவார்களாம். நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலை ஊசிகள் பலவற்றின் தலையும் உருளையே. அங்கே வேலை செய்யும் தங்கை அன்போடு கொண்டுவந்து தந்தாலும் அவை வீட்டு மெஷினுக்கு உதவா.

அத்தொழிற்சாலைகளிடமிருந்து நாம் கற்கவேண்டிய வழக்கம் ஒன்றுண்டு. ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடிச் சேர்த்துக் கொடுத்த பின்னரே அங்கு புதிய ஊசி கொடுப்பர். வீட்டிலும் ஒடிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து ஊசி முழுமையாகிறதா என்று பாருங்கள். முனை காணப்படாவிட்டால் ஷட்டிலிலும், பற்களின் இடையிலும், முக்கியமாகத் தைத்துக்கொண்டிருந்த துணியின் மடிப்பிலும் தேடுக. அது குழந்தைச் சட்டையாயின் முனை அகப்படும்வரை எவருக்கும் உடுத்தக் கொடுக்க வேண்டாம். துண்டுகளை மூடியுள்ள தகரப் பேணியில் இட்டு வையுங்கள்.

புதிய ஊசியை முறைப்படி பூட்டி, மேல்நூலையும் மறுபடி கோத்த பின்னும் தையல் தாண்டுமானால், ஊசி ஒடிந்தபோது ஊசிக்கம்பியோ கொக்கியோ இடம் பெயர்ந்திருக்கலாம். அப்பொழுது திருத்துபவரை அழையுங்கள். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் அவரிடம் கூறுங்கள். பொபின் நூலின் இறுக்கத்தைப் பற்றி அடுத்த ஞாயிறு பார்ப்போம்.