விரிப்பை உதறாதீர்கள்

உறவினர் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் டிஸ்சார்ஜ் ஆகிக் கிளம்பியதும் ஆயாம்மா வந்தார். விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், வீட்டில் பாயை உதறுவதுபோல் இரண்டு உதறு உதறினார், சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கையில் உறை இல்லை. உதறக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருப்பார்கள் என்றும் தோன்றவில்லை.

மனிதத் தோல் ஓயாமல் செதில் செதிலாக உதிர்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரின் செதில், சீழ், வியர்வை எல்லாம் விரிப்பில்தான் சேர்கின்றன. உதறும்போது அவை கிருமிகளோடு காற்றில் எழும்பி, கண்ட இடத்தில் படிகின்றன. அடுத்த கட்டிலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் பிரித்து வைத்திருப்பவர் இருக்கலாம். அழுக்கான பக்கம் உள்ளே போகும்படி மெல்லச் சுருட்டி, கட்டிலருகிலேயே பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். எண்ணுவதும் பிரிப்பதும் வார்டில் நடக்கவே கூடாது.

விரிப்பில் ஒட்டிய கிருமி தானாகச் செத்துவிடும் என்று இருக்க முடியாது. ஆஸ்பத்திரித் துணிகளிலும் பிளாஸ்டிக்கிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ், என்டரோகாக்கஸ் கிருமிகளை வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. எல்லாமே ஒரு நாளாவது தாக்குப்பிடித்தன. சில 90 நாள் தாண்டியும் உயிரோடு இருந்தன.

கொல்லும் வழி புதிதல்ல, வெந்நீர்தான். 65 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம், அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம் என்பது பிரிட்டன் ஆஸ்பத்திரிகளின் கணக்கு. இயந்திரத்துக்குள் உள்ள துணி முழுவதும் அந்தச் சூட்டை எட்டிய பிறகே நிமிடத்தை எண்ண வேண்டும். துணியைத் திணித்து அடைத்தால் நடுவில் இருப்பதற்குச் சூடு போய்ச் சேராது. ரத்தக் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நீரில் போட்டால் ரத்தம் உறைந்து நூலோடு பிடித்துக்கொள்ளும். ப்ளீச்சிங் கரைசலுக்கும் இதே விதி. ரத்தமும் மலமும் அப்பிய துணியை அப்படியே அமுக்கினால், மருந்தின் வீரியம் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். நேற்றுக் கலக்கி வைத்ததை நம்பாமல், அன்றன்றைக்குக் கலக்குவதே சரி.

துவைத்து வந்த பிறகுதான் எனக்குப் பெரிய கவலை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் ரைசோபஸ் என்ற பூஞ்சை தொற்றி ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். விரிப்பு, போர்வைகள் வழியாகவே பரவியிருக்க வேண்டும் என்றது விசாரணை. அவை சலவையாகி வந்த துணிகள்! அழுக்குத் துணி ஏற்றிய ட்ராலியிலேயே சலவைத் துணியை ஏற்றுவதும், ஈரம் காயாமல் மடித்து வராந்தாவில் அடுக்குவதும் நம் பக்கமும் நடக்கிறது. அதைத் தவிர்க்க மூடிய அலமாரியும் தனி ட்ராலியும் போதும், கோடிக்கணக்கில் செலவில்லை.

விரிப்புக்கு அடியில் மெத்தை இருக்கிறது. ரெக்சின் கிழிந்திருந்தால், தையல் விட்டிருந்தால், ரத்தமும் சிறுநீரும் பஞ்சுக்குள் இறங்கிவிடும். மேலே எத்தனை முறை துடைத்தாலும், அடுத்தவர் படுத்து அழுத்தும்போது உள்ளே இருப்பது வெளியே கசியும். விரிப்பு மாற்றும்போதெல்லாம் மெத்தையைத் தடவிப் பார்த்து, கிழிசல் இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதன் ஓரங்களே அழுக்கு தங்கும் இடம்.

வீட்டிலிருந்து போர்வை கொண்டு போகும் நாமும் அதைத் தரையில் விரித்து, பிறகு நோயாளிக்கே போர்த்தக் கூடாது. வீடு திரும்பியதும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயப் போடுங்கள்.

அந்த ஆயாம்மாவுக்கும் சலவைக்கூடத்தில் துணி பிரிப்பவர்களுக்கும் இன்னோர் ஆபத்து உண்டு. விரிப்பு மடிப்புகளில் ஊசிகள் கிடக்கும். கையில் குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்றக்கூடும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆஸ்பத்திரி நடத்துபவர்களே, ஒப்பந்தத் தொழிலாளி என்று ஒதுக்காமல், வேலைக்குச் சேரும்போதே அவர்களுக்கு அதைப் போட்டுவிடுங்கள். தடித்த கையுறையும் கொடுங்கள்.